பின்சில்லுக் குடம்

முழங்கால் காயத்தில் மானுக்கு ஒரு பங்கு உண்டு.
மிச்சம் கிறீசுக்கு.

உவர்மலை இறக்கத்தில், விடியப்புறம் ஐந்தரைக்கு,
நான் பெடல் மிதிப்பதில்லை.
சும்மா இருந்தால் போதும்,
பின்சில்லு தானே பேசிக்கொண்டு வரும்
கிறிக் கிறிக் கிறிக்கென்று,
பல்லி ஒன்றைச் சட்டைப்பைக்குள் கொண்டு போவதுபோல.
ஆசுபத்திரி லாபுக்குப் போகிறவளின் சத்தம் அது என்று
றோட்டில் படுத்துக் கிடக்கிற மான்களுக்குத் தெரியும்.
எழும்பும். அவசரப்படாமல் விலகும்.
கொம்பு ஒன்று முறிந்த கிடா மட்டும்
பால்மாப் பெட்டியின் அட்டையை
வாயில் இருந்து விடாமல் விலகும்.

கார்த்திகை மழையில் அந்தச் சத்தம் கரகரத்தது.
யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒரு போத்தல் வைத்திருந்தார்கள்.
பக்கத்து வளவு தர்மினி தந்தது தேங்காயெண்ணெய்.
மூன்றாம் நாள் சைக்கிள் நின்ற இடத்துக்கு
எறும்புகள் ஒழுங்கை போட்டிருந்தன.
மண்ணெண்ணெய் ஒருநாள் பளபளத்தது,
அடுத்த மழையோடு போனது.
பிறகுதான் யூட் வந்தான்,
டச்பே கரையில் வள்ள எஞ்சின் பூட்டுகிறவன்,
மாஜரின் டின்னில் கிறீசோடு.
"கடல் தண்ணியே உள்ளுக்குப் போகாது அக்கா."
நீல நிறம்.
மத்தியானக் கடலைக் கரண்டியால் அள்ளி வைத்ததுபோல ஒரு நீலம்.
நிறத்துக்காக நான் அதை எடுத்தேன்.
வேறு காரணம் இருந்ததாக
இப்போது சொன்னால் அது பொய்.

குடம் நிறைய அப்பினேன்.
சில்லு வாய் திறக்கவில்லை.
மூன்று நாள் பெருமையாய் ஓடினேன்,
விலை கூடிய சைக்கிள் வைத்திருப்பவள் மாதிரி.
நாலாம் நாள், மார்கழிக் குளிர், தூறல்.
இறக்கத்தில் நான் வருவது
எனக்கே கேட்கவில்லை.
மான்களுக்கு எப்படிக் கேட்கும்?
இரண்டு கண் பச்சையாய் மினுங்கியது.
பிறேக். மதில். ஈரத் தார்.
எழும்பி ஏறி மிதித்தால்
கால் சுற்றுகிறது, சில்லு சுற்றவில்லை.
பெடலுக்கும் எனக்கும் மட்டும்தான் தொடர்பு.
மிச்சத் தூரம் உருட்டிக்கொண்டு போனேன்.
மருந்து கட்டிய தாதி கேட்டாள், "மானா மிஸ்?"
"கிறீஸ்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் விரித்து
குடத்தைக் கழற்றினேன்.
அச்சைச் சுற்றிக் குண்டுகள்,
நீலத்துக்குள் சுகமாய்க் கிடந்தன.
அவைகளுக்கு அது சரி.
ஆனால் உள்ளே, பல் வளையத்துக்குள், இரண்டு நாக்கு,
மயிர் மொத்தத்தில் ஒரு ஸ்பிரிங்.
அவை எழும்பிக் கடிக்க வேண்டும்,
கடித்து விட வேண்டும்,
விட்டுத் திரும்பக் கடிக்க வேண்டும்.
இரண்டும் கிறீசில் ஒட்டிப் படுத்திருந்தன.
விரலால் நிமிர்த்தினேன். திரும்பப் படுத்தன.

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் பார்க்கவும்
சிவப்பு மூடிக் குழாயில் உறைய விடவும்
பதினொரு வருடமாய்ச் சம்பளம் வாங்குகிறேன்.
ஒரே குடத்துக்குள் இரண்டு மூடி இருக்கலாம் என்று
ஏன் எனக்குப் படவில்லை?

வடகரை வீதியில் றமீஸின் கடை.
"நாக்குக்கு மெல்லிசு ஒயில் இருக்கா?"
அவர் ஒன்றும் விளக்கவில்லை,
சின்னப் போத்தலை வைத்து முந்நூற்றைம்பது என்றார்.
"மழைக்குப் பிறகு திரும்ப விடோணும்."
அவ்வளவுதான். மிச்சக் காசு தந்தார்.

குண்டுகளின் நீலத்தை விட்டுவிட்டேன்.
நாக்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு,
இரண்டு மில்லிச் சிறிஞ்சால்
ஒரு துளி. பிறகு அடுத்ததற்கு ஒரு துளி.
மூன்றாவதைக் கை தானாக அழுத்தப் பார்த்தது.
ஊசியை எடுத்துவிட்டேன்.
சில்லைச் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன்.
கிறிக் கிறிக்.
பழைய சத்தம் இல்லை, கொஞ்சம் தணிவு,
தடிமன் பிடித்த அதே ஆள் பேசுவதுபோல.

திங்கள், ஐந்தரை. இறக்கம்.
ஒற்றைக் கொம்பன் ஒரு காதை மட்டும் திருப்பியது,
அட்டையை மென்றபடி.
யோசிக்கிறது போல இருந்தது.
நான் மணியையும் ஒருக்கா அடித்தேன்.